நோவுக்கு எத்தனை புள்ளி, வாழ்க்கைக்கு எத்தனை புள்ளி?



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் நாள்பட்ட நோவோடு யாராவது இருந்தால் தயவு செய்து முழுக்க வாசியுங்கள். இல்லாதவர்களும் வாசியுங்கள். என்றைக்காவது தேவைப்படும்.

என் உம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் இடுப்பிலும் தேய்மானம். பதினொரு வருடமாக மாதம் ஒரு கிளினிக். சுபஹ் தொழுத கையோடு போய் நம்பர் எடுத்து, பத்து மணி வரை வாங்கில் குந்தியிருந்தால் டொக்டருக்கு முன்னால் இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த டொக்டர் நல்ல மனிதர். வெளியே நூறு பேர் நிற்கும்போது அவரும் என்ன செய்வார்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அவர் கேட்டார். "எப்படி உம்மா இருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கன் மகன்."

"நோவு எப்படி? ஒண்டும் இல்லையெண்டா பூச்சியம், தாங்கவே ஏலாதெண்டா பத்து. எத்தனை போடலாம்?"

உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: "அஞ்சு போடுங்க."

கொப்பியில் 5 என்று எழுதி, அதே மருந்தைத் தொடரச் சொன்னார். வரும் வழியில் ஓட்டோவில் நான் கேட்டேன், ராவெல்லாம் நித்திரையில்லாமல் கிடந்துவிட்டு ஏன் ஐந்து என்று சொன்னீர்கள் என்று. உம்மா சொன்ன பதில் இது: "பத்துல பாதி மகள். அவருக்கும் கரைச்சல் இல்ல, எனக்கும் பொய் இல்ல."

நான் கணிதம் படிப்பிக்கிறவள். அளப்பதுதான் என் தொழில். அந்த ஓட்டோவில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாகவும் இருந்தது. அந்த 5 எதை அளந்தது? உம்மாவின் மரியாதையை அளந்திருக்கலாம். முழங்காலை அளக்கவில்லை.

அன்றிரவு உம்மாவோடு இருந்து கதைத்தேன். "உங்கட பத்து என்ன உம்மா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 78 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த வீட்டுக்குள் மூத்த நானாவைப் பெற்ற இரவு. அதுதான் அவவுடைய பத்து. அதற்குப் பக்கத்தில் வைத்தால் எந்த முழங்கால் நோவும் ஐந்தைத் தாண்டாதுதான். என்னுடைய பத்து வேறு. பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மகனுடைய பத்து, போன வருடம் பந்து விளையாடி கை முறிந்த நாள். மூன்று பேரும் 5 என்று சொன்னால் அது மூன்று வேறு ஐந்து.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நான்கு கிலோ அரிசியின் இரு மடங்கு எட்டுக் கிலோ. நோவில் நான்கின் இரு மடங்கு எட்டு என்று யாரும் சொல்ல முடியாது. இந்த எண்கள் வரிசையைத்தான் காட்டும், நிறுவையைக் காட்டாது. ஆகவே ஒருவருடைய எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிடுவதை விட, அதே ஆளுடைய போன மாத எண்ணோடு ஒப்பிடுவதே நியாயம்.

நோவை அளக்க முயன்றவர்களுக்கும் இது தெரியும். கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்ட் மெல்சாக் 1975 இல் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். எண்ணோடு நிற்காமல், நோவைச் சொல்லும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தார். நோயாளி தனக்குப் பொருந்துகிற சொல்லைத் தெரிவு செய்வார். எங்கள் உம்மாமாரிடம் அந்தப் பட்டியல் ஏற்கனவே இருக்கிறது. குத்துது, உளையுது, கடுக்குது, எரியுது, விறைக்குது, இழுக்குது, கொதிக்குது. ஒவ்வொன்றும் வேறு நோவு. எரிவும் விறைப்பும் நரம்பில் பிரச்சினை இருக்கலாம் என்று டொக்டருக்குக் காட்டக்கூடிய சொற்கள். வாயில் இவ்வளவும் இருக்க, நாங்கள் ஓர் எண்ணோடு வீட்டுக்கு வருகிறோம்.

சரி, இதுவரை சொன்னது நோவை அளக்கும் கதை. நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

உம்மா முப்பது வருடமாக வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவ. அஸருக்குப் பிறகு பதினைந்து இருபது பிள்ளைகள் வருவார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கு வங்கியில் இருக்கிற பிள்ளை, கட்டாரில் இருக்கிற பிள்ளை, ஓட்டோ ஓட்டுகிற பிள்ளை எல்லாரும் அலிஃப் பே படித்தது அந்த விறாந்தையில்தான். பாயில் இரண்டு மணித்தியாலம் கால் மடித்து இருப்பா. எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு எழும்புவா.

நோவுக்கு எண் கொடுக்கும் விதத்தை நான் உம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த பிறகு, கொப்பியில் 7 வந்தது. நாங்கள் பயந்தோம். நானாமார் இரண்டு பேரும், தங்கையும், நானும் கூடிக் கதைத்து ஒரு முடிவெடுத்தோம். போதும், உம்மா ஓய்வெடுக்கட்டும். பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லி அவர்களின் வீடுகளுக்குச் சொன்னோம். அடுப்படியையும் நான் எடுத்துக்கொண்டேன். உம்மாவின் அறையில் நல்ல மெத்தை, மின்விசிறி, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். பாசத்தால் செய்தோம், அல்லாஹ் அறிவான்.

பலன் கிடைத்தது. இரண்டாம் மாதம் 5. ஐந்தாம் மாதம் 4. டொக்டருக்குச் சந்தோசம். மூத்த நானா போனில் சொன்னார், "பாத்தியா, ஓய்வுதான் மருந்து" என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாட்களில் உம்மாவுடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்திருக்கிறது. மூன்று கிழமையாக எனக்குத் தெரியாது. அலுமாரியைத் துடைக்கும்போது உடைந்த கண்ணாடியைக் கண்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்கென்னத்துக்கு மகள் கண்ணாடி? பாக்கிறதுக்கு என்ன இரிக்கி?"

குர்ஆனில் தனக்கு வேண்டியது மனப்பாடம். கண்ணாடி தேவைப்பட்டது பிள்ளைகளின் பிழை பார்க்க. பிள்ளைகள் இல்லை, கண்ணாடியும் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் மற்றவையும் என் கண்ணில் பட்டன. அஸருக்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறா. நேரம் என்ன என்று கேட்பதில்லை. பக்கத்து வீட்டுச் சாச்சி வந்தாலும் எழும்பி வருவதில்லை. நோவு 4 தான். ஆனால் உம்மா எங்கே?

அந்த நேரம் நான் கல்வி முதுமாணி படித்துக்கொண்டிருந்தேன். அளவீடும் மதிப்பீடும் என்ற பாடத்துக்காக வாசிக்கும்போது ஒரு கருவி கையில் கிடைத்தது. பேர்சனல் வெல்பீயிங் இண்டெக்ஸ், தனிநபர் நல்வாழ்வுச் சுட்டி என்று சொல்லலாம். அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் கமின்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் உருவாக்கியது. 2001 முதல் அந்த நாட்டு மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள். நாள்பட்ட நோவுடையவர்கள் பற்றிய ஆய்வுகளிலும் இதைப் பாவித்திருக்கிறார்கள்.

ஏழே ஏழு கேள்வி. வாழ்க்கைத் தரம், உடல் நலம், வாழ்க்கையில் செய்து முடிக்கிறவை, நெருங்கிய உறவுகள், எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறோம், ஊரோடும் சமூகத்தோடும் உள்ள சேர்மானம், எதிர்காலம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு திருப்தி என்று பூச்சியம் முதல் பத்து வரை சொல்ல வேண்டும். கூட்டி ஏழால் பிரித்துப் பத்தால் பெருக்கினால் நூறுக்கு ஒரு புள்ளி வரும். அவுஸ்திரேலியாவில் சராசரி கிட்டத்தட்ட 75 இல் வருடக்கணக்காக நிற்கிறது.

ஏன் அப்படி நிற்கிறது என்பதற்குக் கமின்ஸ் ஒரு விளக்கம் சொல்கிறார். உடம்பு தன் சூட்டை ஒரே அளவில் வைத்திருப்பது போல, மனமும் தன்னுடைய நல்லுணர்வை ஒரு மட்டத்தில் வைத்திருக்கப் பார்க்கிறதாம். ஒரு கவலை வந்தால் கொஞ்சம் இறங்கி, பிறகு பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் நாள்பட்ட நோவு போல விடாமல் அழுத்துகிற சுமை இருந்தால் அந்த ஒழுங்கு உடைந்துபோகலாம். அது உடையாமல் தாங்குகிறவற்றில் முக்கியமாக அவர் சொல்வது மூன்று: போதுமான வசதி, நெருங்கிய உறவு, வாழ்க்கைக்கு ஒரு நோக்கம். இதை வாசித்தபோது எனக்கு அந்த உடைந்த கண்ணாடிதான் ஞாபகம் வந்தது.

அன்றிரவே ஏழு கேள்வியையும் எங்கள் பேச்சில் உம்மாவிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பத்து!

"அல்லாஹ் தந்ததுக்கு ஒம்பது போடச் சொல்றியா மகள்?"

இது எங்கள் ஆட்களிடம் இந்தக் கருவியைக் கொண்டு போகிற எல்லாரும் சந்திக்கப்போகிற பிரச்சினை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கியைக் கையில் எடுத்தால் முதலில் பூச்சிய வழு பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். எங்களுடைய பூச்சிய வழு ஷுக்ர். திருப்தியா என்று கேட்டால் உம்மாவின் காதில் அது, அல்லாஹ்வின் மீது உங்களுக்கு முறைப்பாடு இருக்கிறதா என்று விழுகிறது. இந்தச் சுட்டியைச் செய்தவர்களும் ஒரு காலத்தில் மதம், ஆன்மிகம் பற்றி ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் அது தனியான ஒரு கேள்வி. எங்கள் வீடுகளில் அது ஏழு கேள்விக்குள்ளும் இருக்கிறது.

ஆகவே ஒரு கிழமை கழித்து வேறு மாதிரிக் கேட்டேன். முதலில் சொன்னேன், "அல்லாஹ்வுக்குச் சொல்ற பதில் வேற உம்மா, அது எப்பவும் அல்ஹம்துலில்லாஹ்தான். நான் கேக்கிறது, போன கிழமை எப்படிப் போச்செண்டு." பிறகு, கண்ணால் காணக்கூடியவற்றைக் கேட்டேன். போன கிழமை எத்தனை நாள் கேற்றுக்கு வெளியே போனீங்க? யாராவது உங்களிட்ட ஒரு விசயம் கேட்டு வந்தாங்களா? உங்களால் நடந்த அலுவல் ஏதாவது ஒண்டு சொல்லுங்க. ராவைக்கு எத்தனை தரம் எழும்பினீங்க? இவற்றைக் கதைத்து முடித்த பிறகு புள்ளி கேட்டேன்.

வாழ்க்கைத் தரம் 8. உடல் நலம் 4. உறவுகள் 9. பாதுகாப்பு 9. எதிர்காலம் 6. ஊரோடு சேர்மானம் 3. செய்து முடிக்கிறவை 1.

அந்த 1 ஐச் சொல்லும்போது உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்டாவது ஏன் உம்மா?" என்று கேட்டேன். "தொழுறேனே" என்றா.

கூட்டினால் 40, ஏழால் பிரித்தால் நூறுக்கு 57. ஓ.எல். பரீட்சையில் இது C. பெற்றோர் கூட்டத்தில் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற வாப்பாமாருக்கு நான் எப்போதும் சொல்வேன், ரிப்போட்டைத் திருப்பி பாடம் பாடமாகப் பாருங்கள் என்று. அன்றைக்கு அதை எனக்கு நானே சொல்ல வேண்டியிருந்தது. மொத்தத்தில் பாஸ். ஆனால் நாங்கள் பாசத்தோடு எடுத்துவிட்ட அந்த ஒரு பாடத்தில் உம்மா பெயில்.

நானாமாரோடு மறுபடி கதைத்தேன். மூத்தவர் கோபித்தார். "நோவு கூடினா நீயா பொறுப்பு?" நியாயமான கேள்வி. நான் பொறுப்பெடுக்க முடியாது. ஆனால் உம்மாவிடம் கேட்கலாமே? பதினொரு வருடத்தில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. நோவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று நீங்கள் நினைக்கிற ஒரு வேலை இருக்கிறதா? உம்மா உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை கண்ணாடியைத் திருத்தித் தரச் சொன்னா.

கிளினிக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிற மிஸ்ஸிடம் போய்ச் சொன்னோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படி என்று சொல்லித் தந்தார். பாயில் இருக்கக் கூடாது, உயரமான கதிரை. தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் இருக்காமல் எழும்பி நாலு எட்டு நடக்க வேண்டும். நல்ல நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடக்கக் கூடாது. நோவுள்ள நாளிலும் இல்லாத நாளிலும் ஒரே அளவு. தேய்மானத்துக்கு அளவான அசைவு நல்லது என்றும், சும்மா படுத்தே இருந்தால் தசை மெலிந்து மூட்டுக்குப் பாரம் கூடும் என்றும் சொன்னார்.

இப்போது கிழமையில் மூன்று நாள், நாற்பது நிமிடம், ஆறு பிள்ளைகள். நான்கு மாதம் ஆகிறது. போன மாதக் கொப்பியில் நோவு 5. நான்கில் இருந்து ஒன்று கூடியிருக்கிறது.

ஏழு கேள்வியையும் திரும்பக் கேட்டேன். வாழ்க்கைத் தரம் 8, உடல் நலம் 4, உறவுகள் 9, பாதுகாப்பு 9, எதிர்காலம் 6. எல்லாம் அதேதான். ஊரோடு சேர்மானம் மூன்றில் இருந்து 7. செய்து முடிக்கிறவை ஒன்றில் இருந்து 7. மொத்தம் 50, நூறுக்கு 71.

நோவின் எண்ணை மட்டும் பார்த்தால் உம்மா பின்னால் போயிருக்கிறா. உடல் நலத்துக்கு அவ கொடுத்த புள்ளியும் அசையவில்லை. ஆனால் உம்மா திரும்பி வந்துவிட்டா. இதைக் காட்டுவதற்கு கிளினிக் கொப்பியில் ஒரு கட்டம் இல்லை.

ஓர் உம்மாவின் கதை ஆராய்ச்சியாகாது, எனக்குத் தெரியும். கேட்டது மகள், அதுவும் ஒரு முடிவை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மகள். புள்ளி கூடியதில் என்னைச் சந்தோசப்படுத்தும் ஆசையும் கொஞ்சம் இருக்கலாம். இந்தச் சுட்டி ஒரு நோயைக் கண்டுபிடிக்கும் கருவியும் அல்ல. ஆனால் கண்ணாடி உண்மை. பிள்ளைகள் வரும் நாளில் உம்மா மூன்று மணிக்கே உடுப்பு மாற்றிக்கொண்டு இருப்பது உண்மை.

ஒற்றை எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 90களின் நடுப்பகுதியில் அங்கே நோவை ஐந்தாவது உயிர்க்குறி என்று சொல்லி, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல ஒவ்வொரு நோயாளியிடமும் எண் கேட்க வேண்டும் என்று ஓர் இயக்கம் நடந்தது. நோக்கம் நல்லது. அதுவரை பல நோயாளிகளின் நோவு சரியாகக் கணக்கெடுக்கப்படவில்லை. ஆனால் எண்ணை இறக்குவதே வேலை என்று ஆனபோது, எண்ணை வேகமாக இறக்குகிற அபின் வகை மாத்திரைகள் அள்ளிக் கொடுக்கப்பட்டன. மருந்துக் கம்பனிகளின் விளம்பரமும் சேர்ந்துகொண்டது. அடிமையானவர்கள், இறந்தவர்கள் ஏராளம். 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த ஐந்தாவது உயிர்க்குறி என்ற முறையைக் கைவிடச் சொன்னது.

எங்களுக்கு இது புதிதா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் துரத்தி, பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டையும் நித்திரையையும் பிடுங்குகிறவர்கள்தானே நாங்கள். எண் கூடும். பிள்ளை எங்கே என்று கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். வாழ்க்கைக்குப் புள்ளி நல்லதாக வந்தால், "அப்போ நோவு பொய்தானே" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். என்னோடு படிப்பிக்கிற ஒரு டீச்சர் இருக்கிறார். ஐந்து வருடமாக உடம்பெல்லாம் நோவு. எக்ஸ்ரே, இரத்தம், ஸ்கேன் எல்லா ரிப்போட்டும் சரி. ஆசிரியர் அறையில் சிரித்துக் கதைக்கிறார், கலைவிழாவுக்கு முன்னால் நிற்கிறார். லீவு கேட்டால் மட்டும் "இவவுக்கு என்ன வருத்தம், எல்லாம் நடிப்பு" என்ற பேச்சு. நானும் ஒரு தரம் அப்படி நினைத்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நோவு பற்றி ஆராய்கிற சர்வதேசச் சங்கம் 2020 இல் நோவுக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியது. அதோடு சேர்த்துச் சொன்ன குறிப்புகளில் ஒன்று, ஒருவர் தனக்கு நோகிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நோவுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். வேறு நோயின் அடையாளமாக இல்லாமல், நோவே ஒரு நோயாக இருக்கலாம் என்றும் அது ஏற்றுக்கொள்கிறது. ரிப்போட் சரியாக இருப்பதால் ஆள் பொய் சொல்கிறார் என்று ஆகாது. அந்த டீச்சர் சிரிப்பது, நோவோடு சேர்த்து ஒரு வாழ்க்கையையும் தூக்கிக்கொண்டு வருவதால். எனவே இரண்டு கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கக் கூடாது. வாழ்க்கைக்கு 71 வந்ததால் உம்மாவின் மருந்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மார்க்கத்தின் பெயரால் வாயை மூடுவதும் எங்களிடம் உண்டு. முறைப்பாடு செய்தால் சப்ர் போய்விடும் என்று உம்மாமார் நினைக்கிறார்கள். பொறுமைக்கே உதாரணமாகச் சொல்லப்படுகிற ஐயூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களே தனக்கு வந்த துன்பத்தை அல்லாஹ்விடம் எடுத்துச் சொல்லித்தான் துஆ கேட்டார்கள். நின்று தொழ முடியாதவர் இருந்து தொழலாம், அதுவும் முடியாதவர் சாய்ந்து தொழலாம் என்ற சலுகை எதற்கு? உடம்பின் நிலையை உள்ளபடி ஒத்துக்கொள்ளத்தானே? டொக்டர் கேட்கும்போது உள்ளதைச் சொல்வது முறைப்பாடு ஆகாது, அது சாட்சி சொல்வது. சாட்சியைக் குறைத்துச் சொல்லலாமா?

இனி, நான் கேட்டுக்கொள்வது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: மாதம் ஒரு தரம், கிளினிக்குக்கு முதல் நாள், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏழு கேள்வி கூடுதலாக இருந்தால் மூன்று போதும். 2009 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. போன கிழமை நோவு சராசரியாக எவ்வளவு? வாழ்க்கையைச் சந்தோசமாக அனுபவிப்பதை நோவு எவ்வளவு தடுத்தது? அன்றாட அலுவல்களை எவ்வளவு தடுத்தது? மூன்றுக்கும் பத்துக்குள் எண் போட்டு, அவர் சொன்ன சொல்லையும், குத்தா எரிவா உளைவா என்று, ஒரு துண்டில் எழுதி கொப்பிக்குள் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் டொக்டர் அதைப் பார்த்துவிடுவார். வாயால் "நல்லா இரிக்கன்" என்று சொல்லிவிட்டாலும் அந்தத் துண்டு பேசும்.

அவரிடமிருந்து ஒரு வேலையை எடுப்பதற்கு முன், அது அவருக்குச் சுமையா, உயிரா என்று கேளுங்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அடுப்படியை உம்மா திரும்பக் கேட்கவில்லை. அது சுமையாக இருந்திருக்கிறது. பிள்ளைகளைத் தந்தால் போதும் என்றா. இது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும், கேட்டிருக்காவிட்டால்?

டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும்: உங்களுக்கு நேரமில்லை என்று தெரியும். ஆனால் வாங்கில் நாங்கள் நான்கு மணித்தியாலம் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தந்தால் நிரப்பித் தருவோம். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுப்பார். எங்கள் ஊர்களில் அதற்கு ஆள் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். திடீரென்று கால் பலமிழந்தால், சிறுநீர் மலம் கட்டுப்படாவிட்டால், நோவோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ வந்தால், வாழவே விருப்பமில்லை என்று அவர் சொன்னால், கிளினிக் தேதி வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. கடையில் நோ மாத்திரை வாங்கி மாதக்கணக்காகப் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், அவற்றில் பல வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். டொக்டரிடம் சொல்லாமல் தொடராதீர்கள்.

நேற்று அஸருக்குப் பிறகு நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். விறாந்தையில் ஒரு சின்ன வாண்டு ஒரே இடத்தில் நாலு தரம் பிழை விட்டது. "கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தான் பாக்கிறன், ஏமாத்த ஏலா" என்று உம்மாவின் சத்தம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நாற்பது நிமிடம் முடிந்து கதிரையை விட்டு எழும்பும்போது வழமை போல முகம் சுருங்கியது. நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன்.

"எத்தனை உம்மா?" என்று கேட்டேன்.

"நோவா, மத்ததா?" என்றா.

நோயில் இருக்கிற எல்லாருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைக் கொடுக்கட்டும். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கு இரவு அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, முடிந்தால் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், பதில் போதும்.